அந்த ஆளு பேசற நாயம்

இந்தப் பக்கம் வந்து ஒக்காருங்க. அந்தச் சேரு ஆடும், போன தடவை நானே உளுந்திருப்பேன். காது கேக்கறதுக்காகப் பக்கத்துல கூப்புடறேன்னு நெனச்சுக்காதீங்க. எனக்கு எந்தப் பக்கம் ஒக்காந்தாலும் ஒண்ணுதான்.

என்னங்க? நீங்க சொல்றது கேக்காதுங்க, காது மிஷினைக் கழட்டி டப்பாவுல போட்டாச்சு. இந்தா, இதுதான். இதைத் திருப்பிக் குடுத்துட்டுப் போலாம்னுதான் வந்திருக்கேன். உள்ள போயிருக்கறது உங்க அப்பாருங்களா? அப்பாருன்னே வெச்சுக்குவோம், அம்மாவா இருந்தா மாத்திக்கலாம். சீக்கிரத்துல வெளிய உடமாட்டாங்க. கண்ணாடி ரூமுக்குள்ள ஒக்கார வெச்சு, காதுல ஒண்ணை மாட்டி, கையில ஒரு பட்டனைக் குடுத்து, சத்தம் கேட்டா அமுக்குங்கம்பாங்க. எனக்குத்தான் எப்பவுமே சத்தம் கேக்குதே! மொத தடவை அமுக்கின கையை நான் எடுக்கவே இல்லீங்க. நிம்மின்னு ஒரு பாலக்காட்டுப் புள்ள இருக்குது, அதுதான் இங்க எல்லாம் பாக்கறது. கதவைத் தெறந்துட்டு வந்து சிரிக்குது. "அங்கிள், நான் இன்னும் ஆனே பண்ணலை"ன்னு எழுதிக் காட்டுது.

அது வெளிச் சத்தமில்லீங்க. உள்ளயே இருக்கறது. குக்கர் விசிலடிக்கறதுக்கு முன்னால உஸ்ஸுன்னு ஒண்ணு வரும் பாருங்க, அதேதான். விசில் அடிச்சுத் தொலைஞ்சாலாவது அடங்கும். அடிக்காது. வருசக்கணக்கா உஸ்ஸு, உஸ்ஸு. பெரிய டாக்டருகிட்டப் போனேன். இதுக்கு மருந்து கெடையாது, வெளிய சத்தம் இருந்தா உள்ள கொஞ்சம் அடங்கும், நாலு பேரோட நாயம் பேசிட்டு இருங்கன்னு எழுதிக் காட்டினாரு. நீங்க வெளியூராட்ட இருக்கீங்க, நாயம்னா என்னன்னு முழிக்காதீங்க. எங்க பக்கம் சும்மா ஒக்காந்து பேசறதை நாயம்பாங்க. வழக்குல கேக்கற நாயமும் அதே வார்த்தைதான். ஒரே சொல்லுதான், எடத்தைப் பாத்துப் புரிஞ்சுக்கோணும்.

மில்லுல தறி டிபார்ட்மெண்ட்டுங்க நானு. ஆறுச்சாமின்னா சிங்காநல்லூருப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். தெரியும்னா, அப்பத் தெரியும். தறி ஓடுற எடத்துல வாயில பேச முடியாதுங்க, கைச்சாடைதான். மணிக்கட்டைத் தட்டினா மணி என்னங்கறது. மீசையை முறுக்கிக் காட்டினா மேஸ்திரி வர்றான். கட்டைவெரலை வாயிகிட்டக் கொண்டு போனா டீ. எங்க வீட்டுலயும் அதே மில்லுதான். சம்பூரணம்னு பேரு, நூல் சுத்தற எடத்துல இருந்தா. அவளுக்கும் இந்தச் சாடையெல்லாம் அத்துப்படி. வாயில பேசறதுன்னா நாங்க கத்தித்தான் பேசுவோம். இப்பவும் கத்தறனுங்களா? அந்தச் செகப்புச் சேலைக்கார அம்மா திரும்பித் திரும்பிப் பாக்குது. பாத்தாப் பாத்துட்டுப் போவுது.

எனக்குக் காது போச்சுன்னு நான் ரொம்ப நாளைக்கு ஒத்துக்கவே இல்லீங்க. ஊருல இருக்கறவன் பூராவும் வாய்க்குள்ளயே பேச ஆரம்பிச்சுட்டான்னுதான் நெனச்சேன். இப்பவும் பாதிக்குப் பாதி அதுதானுங்க நெசம். எவன் இப்ப வாயைத் தெறந்து பேசறான்? ஒரு நாளு டீக்கடையில நாச்சிமுத்து வந்து பக்கத்துல ஒக்காந்தான். என்ர கூட வேலை செஞ்சவன். "பேத்திக்குச் சீக்கு"ன்னிருக்கான். எனக்குச் சீருன்னு உளுந்துது. வயசுக்கு வந்த புள்ளைக்குச் சீரு செய்யறதில்லீங்களா, அதுன்னு நெனச்சுட்டேன். "அடேங்கப்பா, ரொம்பச் சந்தோசம்! ஜாம்ஜாம்னு பண்ணிப்போடு, ஊருக்கே சொல்லு, நான் முன்னால நின்னு பந்தி பாக்கறேன்"னு முதுகுல ஒரு தட்டுத் தட்டினேன். கடையே கப்புன்னு ஆயிருச்சு. எனக்குக் கேக்காட்டியும் அது தெரியுமுங்க, எல்லாரு மூஞ்சியும் ஒரே நேரத்துல நின்னு போவும். அவன் டம்ளரை வெச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டான். புள்ளையை ஆஸ்பத்திரியில போட்டிருந்ததாம், பொறவுதான் தெரியும். எம்மேல என்னங்க தப்பு? சீக்குன்னா சீக்குன்னு அழுத்திச் சொல்லோணும்.

அதுக்கப்புறம் டீக்கடைக்குப் போறதில்லீங்க. கல்யாணங்காச்சிக்குப் போறதும் நின்னு போச்சு. அங்க போயி யாரு சிரிச்சா நாமும் சிரிக்கறது, யாரு மூஞ்சியத் தூக்கினா நாமும் தூக்கறதுன்னு எத்தனை நேரந்தான் இருக்க முடியும்? ஓசூருல எம்பொண்ணு தேன்மொழி இருக்கறா. போன் பண்ணினா "அப்பா"ம்பா. அது மட்டும் ஒதட்டைப் பாத்தா, அதான் இப்ப மூஞ்சி தெரியற போனு வந்துருச்சே, அதுல புரியும். அதுக்கு மேல ஒண்ணும் புரியாது. போனை அம்மாகிட்டக் குடுங்கன்னு கையைக் காட்டிருவா.

அப்புறம் என்ன, வீடுதான். ஹால்ல டிவிக்கு எதுத்தாப்புல என்ர சேரு. அதுல ஒக்காந்து கொஞ்சம் கழுத்தைத் திருப்பினா நேரா சமையக்கட்டுத் தெரியும். சம்பூரணம் அங்கதான் இருப்பா. அவ வாய் ஓயாதுங்க. காய் நறுக்கறப்பவும் வாய் ஆடும், அரிசி களையறப்பவும் ஆடும். எனக்கு ஒரு எழுத்துக் கேக்காது. ஆனாப் பாத்துட்டே இருப்பேன். பொம்பளை நம்மகூடப் பேசிட்டிருக்கறா, வீட்டுல நாயம் நடக்குதுன்னு ஒரு நெனப்பு. அப்பப்ப இங்கிருந்தே ஒரு "ம்"முன்னு போட்டுவெப்பேன். அவளுக்கும் அது போதுமாட்ட இருந்துது.

போன வருசம் தேன்மொழி வந்து ஒரே புடியாப் புடிச்சு இங்க இழுத்துட்டு வந்துட்டா. நிம்மி இந்த மிஷினை மாட்டி உட்டுது. அடக் கெரகமே, மொத நாளு பட்ட பாடு! என்ர செருப்பே அத்தனை சத்தம் போடுதுங்க. இத்தனை வருசமா இப்படிக் கத்திட்டேதான் நடந்திருக்கறேன், ஒருத்தன் சொல்லலை பாருங்க. பிளாஸ்டிக் கவரைத் தொட்டா வீடு பத்தி எரியறாப்பல ஒரு சத்தம். முறுக்குத் தின்னா மண்டைக்குள்ள ஜல்லி அரைக்குது. காக்கா, ஆட்டோ, பக்கத்து வீட்டுத் தண்ணி மோட்டாரு, எல்லாம் வந்து எங்காதுலதான் குடியிருக்குது. இருந்தாலும் சந்தோசமாத்தாங்க இருந்துது. பொழுதோட பஸ்ஸுல எறங்கி வெசையா வீட்டுக்கு நடந்தேன். எதுக்குன்னா, சம்பூரணம் பேசறதைக் கேக்கலாமில்ல.

போயி சேருல ஒக்காந்தேன். அவ டீ கொண்டாந்து வெச்சா. காதைப் பாத்தா. தலையை ஆட்டினா. உள்ள போயிட்டா. பாத்திரம் உருளுது, கேக்குது. தாளிக்கறது கேக்குது. குழாயில தண்ணி சொட்டறது கேக்குது. அவ குரல் மட்டும் வரலீங்க.

மறுநாளும் அப்படித்தான். அதுக்கு மறுநாளும் அப்படித்தான். எனக்குக் கோவம் வந்துருச்சு. நேரா இங்க வந்து, "ஏம்மா, என்ன மிஷின் குடுத்திருக்கறே? ஊரு சத்தமெல்லாம் வருது, எங்க வீட்டம்மா குரலு மட்டும் வர மாட்டீங்குது"ன்னேன். நிம்மி பாவம், மிஷினைக் கம்ப்யூட்டருல சொருகி என்னென்னமோ பண்ணுச்சு. பொம்பளைக குரலு மெலிசா இருக்கும் அங்கிள், அந்தப் பக்கம் கொஞ்சம் ஏத்தி வெச்சிருக்கேன்னு சொல்லுச்சு. வீட்டுக்குப் போனா கரண்டி உளுகறது ஊசி குத்தறாப்பல இருக்குது, ஆனா அவ குரலு இல்லை. மறுக்கா வந்தேன், எறக்குச்சு. மறுக்கா வந்தேன், ஏத்துச்சு. கடைசியில, "ஆன்ட்டியை ஒரு தடவை கூட்டிட்டு வாங்க, அவங்க குரலை வெச்சே செட் பண்ணிரலாம்"னுது. கூப்புட்டேன். மாட்டேன்னு கையை ஆட்டிட்டா. அதைப் போயிச் சொன்னா, அந்தப் புள்ள என்ன கேக்குது தெரியுங்களா? "அங்கிள், ஆன்ட்டி வீட்டுல பேசறாங்களா?"

எனக்கு வந்துது பாருங்க! "பேசாம? வாய் ஓயாமப் பேசுவா. மிஷினைச் சரியா வெக்கத் தெரியாம எங்க வீட்டம்மா மேல பழி போடறியா?"ன்னு ஒரு கத்துக் கத்திட்டேன். புள்ள கண்ணு கலங்கிருச்சு. அப்புறம் டீ வாங்கிக் குடுத்தேன், அது வேற விசயம்.

ஒரு நாளு மிஷினைச் சார்ஜுக்குப் போட்டுட்டு ஒக்காந்திருந்தேன். சமையக்கட்டைப் பாத்தா, வாய் ஆடுது! அவ பாட்டுக்குப் பேசிட்டிருக்கறா. ஓடிப் போயி மிஷினை எடுத்து மாட்டிட்டு வந்தேன். வாய் மூடிட்டுது. கழட்டி அவ பாக்கற மாதிரி டப்பாவுல வெச்சேன். கொஞ்ச நேரத்துல மறுக்கா ஆடுது. அப்பத்தாங்க எனக்கு ஒறைச்சுது. மிஷின்ல கோளாறு இல்லை. இவ வேணும்னேதான் வாயை மூடறா. என்னத்தையோ மறைக்கறா. என்னைத்தான் திட்டிட்டிருக்கோணும், வேற என்ன? இத்தனை வருசமா எம்முன்னாலயே நின்னு என்னை வைதுட்டு, நான் "ம்"மு போட்டுட்டு இருந்திருக்கறேன்னு நெனச்சா வயிறு எரிஞ்சுதுங்க.

புடிச்சரலாம்னு முடிவு பண்ணினேன். மார்கழி மாசமுங்க. காலையில நல்ல பனி. கம்பளிக் குல்லாயை எடுத்துக் காதோட சேத்து இழுத்து மாட்டிட்டேன். உள்ள மிஷினு. குல்லாய் அமுக்கினா அது கீய்யுன்னு கத்தும், அதுக்காகக் கொஞ்சம் தளர்த்தி உட்டு, காலி டப்பாவை அவ கண்ணுல படற மாதிரி டிவி மேசை மேல வெச்சுட்டு, சேருல சாஞ்சுட்டேன். என்ர மண்டைக்கு இந்த யோசனையெல்லாம் எப்படி வந்துதுன்னு எனக்கே பெருமைதான்.

வந்துதுங்க. அவ குரலு வந்துது.

எனக்கு அது மறந்தே போயிருந்துதுங்க. நான் மனசுல வெச்சிருந்தது மில்லு கேட்டுல நின்னு கூப்புடற குரலு. இது கரகரன்னு, நடுவுல மூச்சு வாங்குது. வயசான பொம்பளை குரலு. கண்ணுல தண்ணி வந்துருச்சு, பொய் சொல்லலை. தொடைச்சா அவளுக்குத் தெரிஞ்சுருமேன்னு அப்படியே உட்டுட்டேன்.

"ஏனுங்க, இந்தக் கத்திரிக்காயைப் பாருங்க, பாதிக்குப் பாதி சொத்தை"ங்கறா. ஏனுங்கன்னா நாந்தானுங்களே? வாயைத் தெறக்கப் போனேன். அதுக்குள்ள பதிலு வருதுங்க. "உட்டுத்தள்ளு சம்பூ. நாளைக்கு நானே மார்க்கெட்டுக்குப் போயி நல்லதாப் பாத்து வாங்கிட்டு வர்றேன்."

மெதுவாக் கழுத்தைத் திருப்பிப் பாத்தேன். அங்க வேற யாரும் இல்லை. அவளேதான். குரலைக் கொஞ்சம் அடிவயித்துக்கு எறக்கி, ஆம்பளை மாதிரி, நான் சொல்ற மாதிரி. ஆனா நான் சொல்ற மாதிரி இல்லீங்க. நான் எந்தக் காலத்துல மார்க்கெட்டுக்குப் போனேன்? சம்பூவாம்! அவங்கப்பனே ஏ பாப்பான்னுதான் கூப்புடுவாரு. நான் "இந்தா"ம்பேன். இத்தனை வருசத்துல அவ பேரை நான் ரேசன் கடையில கேட்டப்பத்தான் சொல்லியிருக்கறேன்.

"முட்டி வலி உசுரு போவுதுங்க"ங்கறா. "செத்த ஒக்காரு சம்பூ, அடுப்பை நான் பாத்துக்கறேன்"ங்கறான் அந்த ஆளு. "நீங்க பாத்த லச்சணம் தெரியாதாக்கும்"னு இவ சிரிக்கறா. அவனும் சிரிக்கறான். நான் ஹால்ல குல்லாயைப் போட்டுட்டு மரம் மாதிரி ஒக்காந்திருக்கறேன். எம்பட நெலமையை நெனச்சுப் பாருங்க. என்ர வீட்டுல, எம்பட பொண்டாட்டிகூட, என்ர பேருல எவனோ ஒருத்தன் குடும்பம் நடத்திட்டு இருக்கறான்.

ஆனா ஒண்ணு சொல்லோணும். தெனமும் குல்லாயை மாட்டிட்டு ஒக்காந்துட்டேன். தை பொறந்து வெய்யிலு வந்தும் கழட்டலை. குளுருதுங்களான்னு அவ கையைக் காட்டிக் கேட்டா, ஆமான்னு தலையை ஆட்டினேன். அவ பேசப் பேச உள்ள இருந்த அந்த உஸ்ஸு எங்க போச்சுன்னே தெரியலீங்க. ஒரு தடவை அப்படியே தூங்கிப் போயிட்டேன். எத்தனையோ வருசமாச்சு, பகல்ல நான் அப்படித் தூங்கி.

எத்தனை விசயம் அந்த ஆளுகிட்டச் சொல்றாங்கறீங்க! பாத்ரூமுல தலை சுத்தி செவுத்தைப் புடிச்சுட்டு நின்னது, அவனுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. தேன்மொழி போன்ல எரிஞ்சு உளுந்தது, அவனுக்குத் தெரியும். ராத்திரியில நான் மூச்சு உடறனான்னு கையை வெச்சுப் பாக்கறாளாம். அதையும் அவங்கிட்டத்தான் சொல்றா.

சரி, அவன் வாயிலதானே சொல்றான், நாம செஞ்சே காட்டிருவோம்னு ஒரு நாளு பையைத் தூக்கிட்டு மார்க்கெட்டுக்குப் போனேன். கத்திரிக்காய் பொறுக்கி வாங்கிட்டு வந்து மேடை மேல வெச்சேன். பையைப் பாத்தா, என்னைப் பாத்தா. நான் வந்து சேருல ஒக்காந்து காதைத் தீட்டிட்டு இருக்கறேன். "ஏனுங்க, இந்த அநியாயத்தைப் பாத்தீங்களா? பூராவும் முத்தலா வாங்கியாந்து போட்டிருக்கறாரு இவரு"ங்கறா. கேட்டீங்களா? நான் இவரு. அவந்தான் ஏனுங்க! அந்த ஆளு என்ன சொல்றான்? "போனாப் போவுது உடு சம்பூ, அவனுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்"ங்கறான். என்னை அவனாம்!

பல்லைக் கடிச்சுட்டு அதையும் பொறுத்துட்டேன். பொறுக்க முடியாதது அதுக்கு அப்புறம் வந்துது.

அவங்கம்மாவுக்குத் திதி. சாமி படத்துக்குப் பக்கத்துல கெழவி போட்டோவை வெச்சு விளக்குப் போட்டிருந்தா. வடைக்கு மாவு தட்டிட்டே ஆரம்பிச்சா. "ஏனுங்க, அன்னைக்கு என்ன மழை! பல்லடம் பஸ் ஸ்டாண்டுல எறங்கறப்ப எனக்குக் காலே தரையில பாவலை. நீங்க மட்டும் கூட வல்லீன்னா நான் அந்தச் சேத்துலயே உளுந்து கெடந்திருப்பேன். கொடையை எனக்கே புடிச்சுட்டு நீங்க நனைஞ்சுட்டு வந்தீங்க." அந்த ஆளு மெதுவாச் சொல்றான், "அழுவாத சம்பூ. அம்மா போனா என்ன, நான் இருக்கறனே." இவ மூக்கை உறிஞ்சறா. "மருமகன் கோடிச் சேலையை நீங்க அம்மா மேல போத்தி உட்டப்ப, ஊரே பாத்துது. அது போதும்னு இருந்துதுங்க எனக்கு"ங்கறா.

நான் போவவே இல்லீங்க!

எந்திரிச்சுட்டேன். குல்லாயைப் புடுங்கி வீசிட்டு, மில்லுல கத்தற கத்து. "நான் எங்க வந்தேன்? சொல்லு, நான் எங்க வந்தேன்? அன்னைக்கு எனக்கு செகண்ட் ஷிப்டு! கோடிச் சேலையை வாங்கி உங்கையில குடுத்து, உன்னையத் தனியாத்தானே பஸ் ஏத்தி உட்டேன்? நான் வந்தேன்னு எவன் சொன்னான்?" பக்கத்து வீட்டுக்காரங்க கதவைத் தெறந்துட்டு வந்துட்டாங்க.

அவ திரும்பினா. கையில மாவு. மொதல்ல எங்காதைப் பாத்தா, அப்புறம் கீழ கெடந்த குல்லாயைப் பாத்தா. "கேக்குதுங்களா உங்களுக்கு?"ன்னா. மெதுவாத்தான் கேட்டா. நான் கேக்குதுன்னேன். எண்ணெய்ச் சட்டியை எறக்கி வெச்சுட்டு அடுப்பை அணைச்சுட்டா. வடை சுடவே இல்லை.

நீங்களே சொல்லுங்க, எம்மேல என்ன தப்பு? ஒரு வார்த்தை நான் பொய் பேசினனா? வராதவனை வந்தான்னா ஒத்துக்க முடியுங்களா? அவ பேசினது நாயம்னா, நான் கேட்டதும் நாயந்தானுங்க. அன்னைக்கு ஷிப்டு இருந்துது, அதை யாரு மாத்த முடியும்? லீவு கேட்டிருந்தா மேஸ்திரி குடுத்துதான் இருப்பான், ஆனா நான் கேக்கலை. ஏங் கேக்கோணும்? எழவு வீட்டுல ஆம்பளைக்கு என்ன வேலை, போயி ஓரமா ஒக்காந்துட்டு இருக்கறதுதானே? அவளும் அன்னைக்கு வாங்கன்னு கூப்புடலை. பஸ்ஸுல ஏறி, ஜன்னல் வழியா என்னையே பாத்துட்டுப் போனா. நான் கையை ஆட்டினேன். எல்லாம் எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது.

அன்னையில இருந்து வீடு செத்த வீடாட்டம் இருக்குதுங்க. மிஷினை மாட்டினாலும் பேசறதில்லை, கழட்டினாலும் பேசறதில்லை. கழட்டி டப்பாவுல வெக்கறேன், வந்து டப்பாவைத் தெறந்து பாத்துட்டுப் போறா. பாத்ததுக்கப்புறமும் வாயைத் தெறக்கறதில்லை. என்ன சூதோன்னு நெனப்பாளாட்ட இருக்குது. என்ன வேணும்னாலும் சாடைதான். கட்டைவெரலை வாயிகிட்டக் கொண்டு போறா, டீ. தட்டுல கையை வெச்சுக் காட்டறா, சோறு. காது நல்லாக் கேக்கறவங்கிட்டப் போயிக் கைச்சாடை காட்டறாளுங்க! நான் "பேசு, பேசித் தொலை"ன்னு கத்தினேன். மணிக்கட்டைத் தட்டி, தூங்கற நேரமாச்சுன்னு காட்டிட்டுப் போயிப் படுத்துட்டா.

அந்த ஆளையும் காணோமுங்க. அவன் போயிட்டான். ஒரு நாளு அவ தனியா நின்னு அரிசி களைஞ்சுட்டிருந்தா. வாய் மூடியிருந்துது. முட்டியைப் புடிச்சுட்டு, செத்த நேரம் அப்படியே மேடையில சாஞ்சு நின்னா. ஒக்காருன்னு சொல்றதுக்கு ஒருத்தரும் இல்லை. நான் சொல்லலாந்தான். நாக்கு வரைக்கும் வந்துது. ஆனா சம்பூன்னு என்ர வாயில வர மாட்டீங்குதுங்க. "இந்தா"ன்னு ஆரம்பிச்சேன், அவ நிமுந்துட்டா. தண்ணி வேணுமாக்கும்னு செம்பை எடுத்து நீட்டினா. வாங்கிக் குடிச்சேன்.

அந்த உஸ்ஸு மறுக்கா வந்துருச்சு. முன்னத்தை உட இப்ப ஜாஸ்தி. மிஷினைப் போட்டாலும் வெளியில கேக்கறதுக்குச் சத்தம் வேணுமில்லீங்களா? ஃபேனு சத்தமும் சுவத்துக் கடிகாரமும் எத்தனை நேரத்துக்குத் தாங்கும்? எனக்கு வீட்டுக்குப் போறதுக்கே பயமா இருக்குதுங்க. இந்த வயசுல இப்படி ஒருத்தங்கிட்டச் சொல்ற மாதிரி ஆயிப்போச்சு பாருங்க.

என்னமோ சொல்றீங்க. கையெல்லாம் ஆட்டி, எங்கையைப் புடிச்சுட்டுச் சொல்றீங்க. கேக்கலீங்க. ஒதட்டைப் பாத்தாலும் உங்க மீசை மறைக்குது. டப்பாவைத் தெறந்து மாட்டிக்கங்கறீங்களா? வேண்டாமுங்க. மாட்டினா மறுக்கா கழட்ட மனசு வராது. நல்லதைத்தான் சொல்லுவீங்க, மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது. இருக்கட்டும்.

அதா, நிம்மி கதவைத் தெறக்குது. உங்க அப்பாரு வர்றாரு பாருங்க. அட, அம்மா! சரி சரி, மாத்திக்கலாம்னு சொன்னனில்ல. கைத்தாங்கலாப் புடிங்க, அந்தப் படி தெரியாது.

நிம்மி வாங்க மாட்டேன்னாலும் மேசை மேல வெச்சுட்டு நான் பாட்டுக்குப் போயிருவேன். வீட்டுக்குப் போனதும் ரெண்டு காதையும் தொட்டுக் காட்டி, ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டுவேன். சட்டைப் பையையும் உதறிக் காட்டுவேன். குல்லாயைத் தூக்கிக் குப்பையில போட்டாச்சு, அதுவும் அவளுக்குத் தெரியும். அப்புறம் டிவியைப் பாத்துட்டு ஒக்காந்துக்குவேன். நாலு நாளு ஆவட்டும், பத்து நாளு ஆவட்டும். நம்பிக்கை வந்து என்னைக்காவது ஒரு நாளு அவ ஏனுங்கன்னு கூப்புடுவா. எனக்குக் கேக்காது. கேக்காட்டியும் ஓரக்கண்ணுல தெரியுமுங்க, கூப்புடறப்ப அவ லேசாத் தலையைச் சாய்ப்பா. அப்ப மட்டும் நான் திரும்பாம இருந்துட்டேன்னாப் போதும். அந்த ஆளு வந்து பதில் சொல்லிக்குவான்.